மணி அடிக்காத நண்பகல்

பன்னிரண்டு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கோயில் மணி கேட்கவில்லை.

பிலவேந்திரன் பாறை விளிம்பில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். வத்தல்மலையின் அந்த ஓரத்தில் அவன் குடிசை போட்டதே மணிக்காகத்தான். நல்ல மண்ணும் ஊற்றும் உள்ளே இருக்க, இந்தக் கல்லுக்காட்டில் வந்து ஏன் உட்காருகிறாய் என்று மலைக்காரர்கள் அன்றைக்கே கேட்டுப் பார்த்தார்கள். கீழே சூசையப்பர்பட்டிக் கோயிலில் உபதேசியார் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் அடிக்கிற மணி, காற்று இந்தப் பக்கம் திரும்பினால் இங்கேதான் வந்து விழும். அதைக் கேட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். அவனுக்கும் ஊருக்கும் மிச்சமிருந்த ஒரே உறவு அது.

இன்றைக்குக் காலையிலும் மணி கேட்கவில்லை. காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கொள்ளுச் செடி பிடுங்கப் போய்விட்டான். இப்போதோ காற்று நேராக ஊர்ப்பக்கமிருந்துதான் வீசியது. பஸ் ஹாரன் பக்கத்துக் காட்டில் ஊதுவது போலக் கேட்டது. பழி போடக் காற்றும் இல்லாமல் போயிற்று.

நேற்று சாயங்காலம் மணி வழக்கத்தைவிட நீளமாக அடித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏதாவது கல்யாணமா என்று பெண்டாட்டியிடம் கேட்டுக்கூட வைத்தான். தவக்காலத்தில் எவன் வூட்டில் கல்யாணம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதோடு இருவரும் களி தின்று படுத்துவிட்டார்கள், புத்திசாலிகள்.

வருஷத்தில் கோயில் மணி வாயை மூடுவது ஒரே ஒரு தடவை. பெரிய வியாழக்கிழமை மாலைப் பூசையில் கை ஓயுமட்டும் அடித்துவிட்டு நிறுத்தினால், ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவுப் பூசையில்தான் மறுபடி வாய் திறக்கும். இடையில் மணிக்குப் பதில் மரத்தட்டிதான். சூசையப்பர்பட்டியில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

"மேரி," என்று குடிசையைப் பார்த்துக் கத்தினான். "இன்னிக்கு என்ன கெழம?"

பாக்கியமேரி வெளியே வந்தாள். கையில் கரித்துண்டு இருந்தது. குடிசைச் சுவரில் நாளுக்கு ஒரு கோடு, வாரத்துக்கு ஒரு குறுக்குக்கோடு என்று ஆறு வருஷமாக எழுதி வருபவள் அவள்தான். மழையில் சுவர் கரைந்தபோதுகூட உள்பக்கச் சுவருக்கு மாற்றி எழுதிக்கொண்டவள். வியாழக்கிழமை, பெரிய வியாழக்கிழமை, நாளைக்கு விடியற்காலையில் இறங்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவளும் காதைக் கீழ்ப்பக்கம் திருப்பினாள்.

நாளைக்கு என்பது அவர்களுக்கு வெறும் நாளை இல்லை. ஏழு வருஷமாக அந்த நாளைக்காகத்தான் சோறு தின்றார்கள்.

கதை சிறியது, அசிங்கமானது. பிலவேந்திரனின் அண்ணன் செத்துப்போனபின் அண்ணி இன்னாசியம்மாளுக்கும் அவனுக்கும் பொதுவில் ஒரு கிணறு இருந்தது. மழை ஏமாற்றிய அறுபத்திரண்டாம் வருஷம், கிணற்றில் இடுப்பளவு தண்ணீர்தான். கிணறு முழுக்க என்னுது, அப்பன் சாகும்போது எனக்குத்தான் சொன்னார் என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னான். அதோடு விட்டிருந்தால் வெறும் புளுகோடு போயிருக்கும். பெரிய வெள்ளிக்கிழமை ஊரே முழந்தாளிட்டு வாய் வைத்து முத்தி செய்கிற மரச்சிலுவையைக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். சிலுவை மேல் சத்தியம் என்றதும் ஊர் வாயடைத்துப் போயிற்று. இன்னாசியம்மாளின் அரை ஏக்கர் மிளகாய் பத்தே நாளில் கருகிப்போனது. இரண்டு மாதம் கழித்து அப்பன் எழுதிவைத்த பாகப் பத்திரம் வெளியே வந்தது. அதில் கிணறு பாதிப் பாதி.

பெரியதனக்காரர் சவரிமுத்து ஊரைக் கூட்டித் தீர்ப்புச் சொன்னார். ஆறு தவக்காலம் ஊருக்கு வெளியே. ஊர்க்காரன் எவனும் அவனோடு பேசக்கூடாது. ஏழாவது வருஷம், பெரிய வெள்ளிக்கிழமை அன்று மட்டும் வரலாம். வெறுங்காலோடு நடந்து வந்து, சிலுவை முத்தி நடக்கும்போது கோயில் வாசற்படியில் குப்புற விழுந்து, மனஸ்தாப மந்திரத்தை ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். இன்னாசியம்மாள் வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால் அவன் ஊர்க்காரன். அவள் தூக்காவிட்டாலும் சரி, சிலுவை பீடத்துக்குத் திரும்புவதற்குள் அவன் வந்து சேராவிட்டாலும் சரி, ஊர்ப் பட்டியலில் பேரை அடித்துவிடுவார்கள். அப்புறம் செத்தால் கல்லறைத் தோட்டத்திலும் இடம் கிடையாது. அந்தத் தோட்டத்தில்தான் அவர்களுடைய ஒரே மகன் நாலு வயதில் போய்ப் படுத்திருந்தான். மகனுக்குப் பக்கத்தில் ஆறடி வேண்டும் என்பதைத் தவிரப் பாக்கியமேரி இந்த ஏழு வருஷமும் வேறு எதையும் கேட்டதில்லை.

அப்போது சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டு மாதேஸ் அந்த வழியே வந்தான். பிலவேந்திரன் விளைத்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கி வருவது அவன்தான். சந்தைக்கு ஊர்க்காரர்களும் வருவார்கள் என்பதால் பிலவேந்திரன் இறங்குவதில்லை. சந்தைக்குப் போய்வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இதுதான் மலைமேல் அவனுக்கும் பெண்டாட்டிக்கும் பஞ்சாங்கம்.

"மாதேசு, சந்தை என்னிக்கி?"

"நாளன்னிக்கிதானுங்க அண்ணா. ஞாயித்துக்கெழம."

"சந்தை சனிக்கெழமைல்ல?"

"அது போன ஐப்பசியிலயே மாத்திட்டாங்களே. நீங்க ரெண்டு பேரும் காய்ச்சல்ல கெடந்தீங்க பாருங்க, அப்பதான்."

பாக்கியமேரியின் கையிலிருந்த கரித்துண்டு கீழே விழுந்தது. ஐப்பசியில் இரண்டு பேருக்கும் மலைக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் தன்னினைவு இல்லாமல் கிடந்தார்கள். மாதேஸின் பெண்டாட்டி ராமக்காதான் கஞ்சி ஊற்றி உயிரைப் பிடித்து வைத்தாள். தேறி எழுந்த அன்று பாக்கியமேரி கேட்ட முதல் கேள்வி, சந்தை போய்விட்டு எப்போது வந்தீர்கள் என்பது. நேற்று என்றாள் ராமக்கா. அப்படியானால் இன்றைக்கு ஞாயிறு என்று இவள் சுவரில் கோடு போட்டாள். அன்றைக்குத் திங்கட்கிழமை. அதற்கப்புறம் போட்ட கோடு அத்தனையும் ஒரு நாள் பின்தங்கிய கோடுகள். சாம்பல் புதனை வியாழனில் கொண்டாடியிருக்கிறார்கள். இறைச்சி தொடக்கூடாத வெள்ளிக்கிழமைகளில், வியாழன் என்று நினைத்து, ராமக்கா கொடுத்த சேவலையும் அடித்துத் தின்றிருக்கிறார்கள்.

"வெள்ளிக்கெழம மேரி," என்றான் பிலவேந்திரன். "இன்னிக்கித்தான் பெரிய வெள்ளிக்கெழம."

மூன்று மணிக்கு வழிபாடு தொடங்கும். இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசித்து, மன்றாட்டு முடித்து, சிலுவை முத்தி முடியும்போது எப்படி இழுத்தாலும் நாலரை. கொண்டை ஊசியாகச் சுற்றிச் சுற்றி இறங்கும் தடத்தில் அடிவாரம் போகவே மூன்றரை மணி நேரம். அதற்கப்புறம் சமதரையில் ஐந்து மைல். எந்தக் கணக்குப் போட்டாலும் அவன் போய்ச் சேரும்போது கோயிலைப் பூட்டிச் சாவியை உபதேசியார் இடுப்பில் செருகியிருப்பார்.

மாதேஸ் மூட்டையை இறக்கி வைத்தான். அவனுக்குச் சிலுவை முத்தி என்றால் என்னவென்று தெரியாது. அண்ணன் இன்றைக்குக் கீழே போகாவிட்டால் ஊர் அவனைச் செத்தவனாக எழுதிவிடும் என்பது மட்டும் தெரியும். புளி மூட்டை இறக்குகிற செங்குத்துத் தடம் ஒன்று இருக்கிறது, அதில் விழுந்தால் எலும்பு மிஞ்சாது, விழாவிட்டால் ஒன்றே கால் மணி நேரத்தில் அடிவாரம் என்றான். சொல்லிக்கொண்டே ராமக்காவைக் கூப்பிட்டான். கூப்பிட்ட கூப்பாட்டில் ராமக்கா மட்டுமா வந்தாள், காட்டில் கொள்ளுப் பிடுங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அரிவாளும் கையுமாக வந்துவிட்டார்கள்.

இவர்கள் எல்லாரும் பிலவேந்திரனின் சாயங்காலக் கூட்டாளிகள். இரண்டு வேங்கைக் கிளைகளைக் கட்டிச் சிலுவையாக நட்டு, தினமும் பொழுது சாய்கையில் அதன் முன்னால் முழந்தாளிட்டு அவன் மனஸ்தாப மந்திரம் சொல்வான். செய்த பாவத்துக்கு மனம் நொந்து அழுகிற மந்திரம் அது. அதன் கடைசியில் உபதேசியார் சொல்லிக்கொடுக்காத சில வார்த்தைகளைத் தன் வாயால் சேர்த்துச் சொல்வான். முதலில் மலைக்காரர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். பிறகு அவன் நெஞ்சில் அடித்துக்கொள்ளும்போது இவர்களும் அடித்துக்கொண்டார்கள். வருஷம் இரண்டு போவதற்குள் அவன் முன்னால் சொல்ல, இவர்கள் பின்னால் சொல்வது வழக்கமாகிவிட்டது. இவர்களுக்குத் தனியாகத் தங்கள் சாமி உண்டு, அதற்குப் பொங்கலும் உண்டு. ஆனால் அண்ணன் மந்திரம் காய்ச்சலுக்கு நல்லது என்று ராமக்கா கண்டுபிடித்ததிலிருந்து ஒருவரும் ஒருநாளும் தவறுவதில்லை.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிலவேந்திரன் மாதேஸின் பின்னால் குதித்தான், அவன் பின்னால் பாக்கியமேரி. தடம் என்று அதைச் சொன்னது மாதேஸின் நல்ல மனசு. அது மழைத்தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு போன பள்ளம். வேரைப் பிடித்துத் தொங்குவதும், கல்லில் குந்தியபடி சறுக்குவதும், முள்ளில் வேட்டியை விட்டுவிட்டுப் பாதியைக் கிழித்துக்கொண்டு வருவதுமாக இறங்கினான். ஐம்பது வயது அவனுக்கு. தவக்காலம் முழுக்க ஒருவேளை மட்டும் தின்கிற ஒரு சந்தி உபவாசம் என்று நேற்று ராத்திரிக் களிக்குப்பின் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஆனாலும் உடம்பில் எங்கிருந்தோ ஒரு துள்ளல் வந்து ஏறிக்கொண்டது. பயம்தான், ஆனால் பயத்துக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. ஏழு வருஷமாக ஏறிய மலையிலிருந்து இறங்குகிறோம் என்ற நினைப்பே அவனைத் தள்ளிக்கொண்டு போனது.

பாதித் தூரத்தில் பின்னால் கல் உருளும் சத்தமும் பாக்கியமேரியின் முனகலும் கேட்டன. கணுக்கால் பிசகிவிட்டது. பிலவேந்திரன் திரும்பி ஏறினான். அவள் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போங்க. என்னைப் பாத்துட்டு நின்னீங்கன்னா ரெண்டு பேருக்கும் எடமில்ல. எம் பையன் தனியாக் கெடப்பான்."

அவன் நின்றான். எப்படிப் போவான். மாதேஸ் வந்து நிலைமையைப் பார்த்தான். புளி மூட்டை கட்டுகிற கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்து, அவளைத் தன் முதுகோடு சேர்த்து ஒரு கட்டுக் கட்டினான். மூட்டையைவிட அக்கா கனம் கம்மிதான் என்று சொல்லிக்கொண்டே முன்னைவிட வேகமாக இறங்க ஆரம்பித்தான். வெட்கம் பிடுங்கித் தின்ன, பாக்கியமேரி கண்ணை மூடிக்கொண்டு அந்தோணியாரைக் கூப்பிட்டாள்.

அடிவாரத்தில் கால் வைத்தபோது வெயில் இன்னும் உச்சியை விட்டு அதிகம் சாயவில்லை. பிலவேந்திரன் நிமிர்ந்து பார்த்தான். பின்னால் எட்டுப் பேர் புழுதியும் சிராய்ப்புமாக நின்றார்கள். நீங்கள் எதற்கு என்று கேட்டான். காய்ச்சலில் உன்னைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றியவளுக்கு நீ எங்கே போய் விழுகிறாய் என்று பார்க்க உரிமை இல்லையா என்று ராமக்கா கேட்டாள். பதில் சொல்ல நேரமில்லை. ஓடினார்கள்.

ஐந்து மைலில் மூன்று மைல் கேழ்வரகுத் தாளும் கரம்பும். ஓடுவதும் நடப்பதும் மறுபடி ஓடுவதுமாகத் தார் ரோட்டைத் தொட்டபோது நல்லம்பள்ளிப் பக்கம் போகிற மூன்றரை மணி பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். முதுகில் ஒரு பெண்பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓடுகிற ஆளையும், அரிவாளோடு பின்னால் ஓடுகிற கூட்டத்தையும் பார்த்தால் எந்தக் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்துவான். நிறுத்தினாலும் பிரயோஜனமில்லை. நடந்து வர வேண்டும் என்பது தீர்ப்பு.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. கோயில் கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், அது பிலவேந்திரனுக்குத் தெரியாது. சாமியாரின் குரல் வயல் முழுக்கப் பரவி வந்தது. அதுவும் தமிழில் வந்தது. அவன் ஊரை விட்டுப் போகும்போது சாமியார் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் முணுமுணுப்பார், என்ன கேட்கிறார் என்று கடவுளுக்கும் சாமியாருக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது யாரோ ஒரு சாமியார் பட்டப்பகலில் எல்லாருக்கும் விளங்கும்படி மன்றாடிக்கொண்டிருந்தார். நோயாளிகளுக்காகக் கேட்டார். பசித்தவர்களுக்காகக் கேட்டார். அப்புறம், வீட்டை விட்டு வெளியே அலைகிறவர்கள் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று கேட்டார்.

பிலவேந்திரன் ரோட்டில் அப்படியே நின்றுவிட்டான். வருஷா வருஷம் உலகம் முழுக்க எல்லாக் கோயில்களிலும் சொல்கிற மன்றாட்டுத்தான் அது. லத்தீனில் அவன் நாற்பது வருஷம் கேட்டதும் அதுதான். அது அவனுக்கு எப்படித் தெரியும். தன்னைத்தான் சொல்கிறார், தன் பேரைச் சொல்லத் தீர்ப்பு இடம் கொடுக்காததால் இப்படிச் சுற்றிச் சொல்கிறார் என்று நினைத்தான். கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது.

"அண்ணா, அழுவறத அங்க போயி அழுவலாம்," என்றான் முதுகுச் சுமையோடு மாதேஸ்.

மன்றாட்டு முடிந்தால் சிலுவை முத்திதான். இன்னும் இரண்டு மைல் இருந்தது. அந்த இரண்டு மைலை அவன் ஓடியதைப் பற்றி மாதேஸ் பிற்பாடு மலையில் பல தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் வேகம் கூடிக்கொண்டே போகும்.

கோயில் வாசலுக்கு வந்தபோது உள்ளே பாட்டு நின்றிருந்தது. ஆண்கள் வரிசை முடிந்து, பெண்கள் வரிசையும் முடிந்து, எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விரித்த துணிமேல் சிலுவை கிடந்தது. அதைத் தூக்கிப் பீடத்துக்குக் கொண்டுபோகச் சவரிமுத்து குனிந்திருந்தார். குனிந்தவர் தூக்கவில்லை. காரணம், வாசலில் ஒருத்தி நின்றுகொண்டு இன்னும் நான் முத்தி செய்யலையே, எப்படி எடுப்பீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வா என்றால் வரவும் இல்லை. முந்தானையைச் சரிசெய்தாள், கொண்டையை அவிழ்த்துக் கட்டினாள், காலில் முள் என்று குனிந்து பார்த்தாள். கால் மணி நேரமாக இதே வேலை. அவள் இன்னாசியம்மாள்.

அவள் எதற்காக நிற்கிறாள் என்று பிலவேந்திரனுக்குத் தெரியவில்லை. தூக்கிவிடவா, விழுவதைக் கண்குளிரப் பார்க்கவா. யோசிக்கவும் நேரமில்லை. வந்த வேகத்திலேயே வாசற்படியில் குப்புற விழுந்தான். நெற்றியில் கல் பட்டது. கண் திறந்தபோது இன்னாசியம்மாளின் கால்கள் மட்டும் தெரிந்தன, பித்தவெடிப்பும் சேறு காய்ந்த நகமுமாக. அந்தக் கால்கள் நகரவில்லை.

உள்ளே ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. ஊர் அவனை எதிர்பார்த்து மூன்று மணியிலிருந்து வாசலைப் பார்த்து, வரமாட்டான் என்று அப்போதுதான் முடிவு கட்டியிருந்தது.

"மந்தரம் சொல்லணும்," என்றார் சவரிமுத்து. "ஊரு கேக்கறாப்ல சொல்லணும்."

பிலவேந்திரன் வாயைத் திறந்தான். மூச்சுத்தான் வந்தது. ஆறு வருஷமாகத் தினமும் சொன்ன மந்திரம், தூக்கத்தில் எழுப்பினால்கூடச் சொல்லக்கூடிய மந்திரம், நெஞ்சுக்குழி வரை வந்து நின்றது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை முயன்றான். இருமல் வந்தது. சவரிமுத்து காத்திருந்தார், அதற்குமேல் காத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லை. சிலுவையின் கீழே கையைக் கொடுத்தார். எல்லாம் போயிற்று என்று பிலவேந்திரனுக்குத் தெரிந்தது. இவ்வளவு ஓடி வந்து வாசற்படியில் போயிற்று.

அப்போது அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் உரக்கத் தொடங்கியது. ராமக்கா. கோயில், ஊர், சாமியார் எதையும் அவள் சட்டை பண்ணவில்லை. சிலுவையைப் பார்த்தாள், பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது, அண்ணன் குப்புற விழுந்துவிட்டான், மந்திரம் சொல்கிற வேளை வந்துவிட்டது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. முழந்தாளிட்டு மனஸ்தாப மந்திரத்தை முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது வார்த்தையில் மாதேஸ் சேர்ந்துகொண்டான், முதுகில் பாக்கியமேரியோடு. மூன்றாவதில் எல்லாரும். மலைப்பேச்சின் இழுப்போடு, ஆனால் ஒரு எழுத்து பிசகாமல், நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில் ஓங்கி அடித்துக்கொண்டு சொன்னார்கள். நீறு பூசிய நெற்றிகளிலிருந்து மனஸ்தாப மந்திரம் வருவதைச் சூசையப்பர்பட்டி அதுவரை கேட்டதில்லை. உபதேசியாரின் வாய் திறந்தபடி நின்றது.

மந்திரம் முடிகிற இடம் வந்தது. ஊர் மூச்சு விட்டது. மலைக்காரர்கள் நிறுத்தவில்லை. அவர்களுக்கு மந்திரம் அங்கே முடிவதில்லை.

"இன்னாசியம்மா கெணத்துத் தண்ணியப் பொய்ச்சத்தியம் பண்ணிப் புடுங்குனேன் சாமி," என்றார்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில். "மொளகாச்செடி காயக் காயப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன் சாமி. அந்தம்மா மொகத்துக்கு முன்னால போயி நிக்கற தெகிரியத்த எனக்குக் குடு சாமி." சொல்லிவிட்டு நெஞ்சில் மூன்று அடி அடித்துக்கொண்டு, நல்லபடியாக முடித்த திருப்தியோடு நிமிர்ந்தார்கள்.

பிலவேந்திரன் முகத்தைக் கல்லில் புதைத்துக்கொண்டான். அந்த வார்த்தைகளை அவன் ஊருக்காகச் சொன்னதில்லை. ஊர் கேட்கும் என்று நினைத்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டான்.

இன்னாசியம்மாள் மலைக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இத்தன பேருமா எந் தண்ணியப் புடுங்குனீங்க?"

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டுப் பெரிய வெள்ளிக்கிழமை என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராமக்கா அசரவில்லை. தினமும் சாயங்காலம் அண்ணன் சொல்வார், நாலைந்து வருஷமாக நாங்களும் கூடவே சொல்கிறோம், இதைச் சொன்னால் காய்ச்சல் அண்டாது என்று விவரம் சொன்னாள். இன்னாசியம்மா என்பது ஏதோ ஒரு சாமி பேர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்ததாகவும் சொன்னாள்.

இன்னாசியம்மாள் குப்புறக் கிடந்தவனைப் பார்த்தாள். ஊரில் எத்தனையோ பேர் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்திருக்கிறாள். ஆள் பார்க்கக் கேட்பார்கள், ஆள் போனதும் மறப்பார்கள். ஆள் இல்லாத மலையில், கேட்க யாருமே இல்லாத இடத்தில், கருகிப்போன மிளகாய்ச் செடியை ஒருத்தன் தினமும் நினைத்திருக்கிறான். எட்டுப் பேருக்கு மனப்பாடம் ஆகுமளவு நினைத்திருக்கிறான். அவள் குனிந்தாள்.

"மொளகாச்செடியையுமா தெனம் சொன்னே?"

பிலவேந்திரன் தலையை மட்டும் அசைத்தான். அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். வாளி இழுத்துக் காய்த்த கை, பிடி கெட்டியாக இருந்தது.

"எந்திரி பிலவேந்திரா. ஒம் பாதிக் கெணத்த நான் தொடல, தூர் மண்டிப் போயிக் கெடக்குது. பாஸ்கா முடிஞ்சதும் எறங்கித் தூரு வாரு."

அவன் எழுந்தான். சவரிமுத்து சிலுவையை மறுபடி துணிமேல் வைத்தார். ஏழு வருஷத்துக்கு முன் கை வைத்துப் பொய் சொன்ன அதே மரத்தில் பிலவேந்திரன் வாய் வைத்தான். அவனுக்கு அடுத்து இன்னாசியம்மாள் முத்தி செய்தாள், கொண்டை விஷயமெல்லாம் ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. பாக்கியமேரி சிலுவைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, மாதேஸின் முதுகிலிருந்தபடியே கல்லறைத் தோட்டத்துக்கு வழிகாட்டினாள்.

எல்லாம் முடிந்து எல்லாரும் இன்னாசியம்மாளின் தோட்டத்துக்கு வந்து விழுந்தார்கள். உச்சிப்பொழுதிலிருந்து ஒருவர் வாயிலும் தண்ணீர் படவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இன்னாசியம்மாள் யாரையும் விடாமல் தானே ஒரு குடம் இறைத்தாள். மலைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து கையை ஏந்த, ஒவ்வொரு கையிலும் ஊற்றிக்கொண்டே வந்தாள்.

ராமக்கா மூன்று கை குடித்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். "இதானுங்களா அந்தத் தண்ணி?"

"இதேதான்."

"அப்ப இனிமே மந்தரத்துல அந்தக் கடேசி வரிங்கள வுட்டுறலாங்களா?"

இன்னாசியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு யோசித்தாள். "வுடாத. அப்பிடியே சொல்லு. முடிவுல இன்னும் ஒரு வரி சேத்துக்க. அவளே ஊத்துனா, குடிச்சேன்னு."

ராமக்கா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டாள். வரிசையின் கடைசியில் பிலவேந்திரன் உட்கார்ந்திருந்தான். இன்னாசியம்மாள் அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினான்.